கூலண்ட் எங்கே போகிறது?

காரின் கூலண்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) தொட்டியில் மட்டம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே வந்தது. மேல் கோடு வரை ஊற்றிவைத்தாலும் சில வாரங்களில் கீழ்க் கோட்டைத் தொட்டுவிடும். வண்டி நின்ற இடத்தில் ஈரம் இல்லை. வெப்பத்தைக் காட்டும் முள்ளும் வழக்கமான இடத்தை விட்டு அசையவில்லை. வண்டியைப் பார்த்த மெக்கானிக், ரேடியேட்டர் பழையதாகிவிட்டது, மாற்றிவிடலாம் என்றார். அவர் சொன்னது சரியாகவும் இருக்கலாம். ஆனால் கசிவைக் கண்ணால் பார்க்காமல் எந்தப் பாகத்தையும் மாற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை.

கசிவு இருந்தும் தரையில் சொட்டு விழாததற்குக் காரணம் உண்டு. பெரும்பாலான கார்களில் எத்திலீன் கிளைக்காலும் தண்ணீரும் ஏறக்குறைய சரிபாதியாகக் கலந்த திரவமே இன்ஜினைச் சுற்றி ஓடுகிறது. அது சூடாகி விரியும்போது உள்ளே அழுத்தம் கூடுகிறது. அந்த அழுத்தத்தை ஒரு குறிப்பிட்ட அளவு வரை, பல வண்டிகளில் சுமார் 1 பார் (ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம்) வரை, தொட்டியின் மூடி பிடித்துவைக்கிறது. இதனால் கொதிநிலை ஏறத்தாழ 20 டிகிரி செல்சியஸ் உயர்கிறது. ஆகவே, மயிரிழை போன்ற ஒரு விரிசல் இருந்தால், அது இன்ஜின் சூடாகி அழுத்தம் ஏறிய பிறகுதான் வாய் திறக்கும். வெளியே வந்த துளியும் கொதிக்கும் உலோகத்தின் மேல் பட்டுத் தரையை எட்டுவதற்குள் ஆவியாகிவிடும். சூடு தணியும்போது அழுத்தமும் இறங்கி, கசிவு நின்றுபோகும். மிஞ்சுவது இனிப்பு கலந்த ஒரு வாடையும், கூலண்டின் நிறத்தில் காய்ந்து ஒட்டியிருக்கும் மெல்லிய படிவும் மட்டுமே.

எனவே, இன்ஜின் முழுவதும் ஆறியிருக்கும்போது, சூடான நிலையில் இருக்கும் அழுத்தத்தை நாமே உள்ளே ஏற்படுத்திப் பார்க்க வேண்டும். பிரஷர் டெஸ்டர் என்பது அழுத்தமானி பொருத்திய ஒரு கைப் பம்பு. தொட்டியின் மூடியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் இதைத் திருகி, மூடியில் பொறித்திருக்கும் அழுத்தம் வரை, அதைத் தாண்டாமல், காற்றை ஏற்ற வேண்டும். (சூடான இன்ஜினில் மூடியைத் திறந்தால் கொதிக்கும் திரவம் முகத்தில் பீறிட்டு அடிக்கும்.) முள் அப்படியே நின்றால் வெளிக்கசிவுக்கு வாய்ப்புக் குறைவு, அப்போது மூடியையே தனியாகச் சோதிப்பது நல்லது, ஏனென்றால் ஸ்பிரிங் தளர்ந்த மூடியும் கூலண்டை ஆவியாக வெளியே விட்டுக்கொண்டிருக்கும்.

என் வண்டியில் முள் மெதுவாக இறங்கியது. ரேடியேட்டரின் அலுமினியப் பகுதியும் பிளாஸ்டிக் பக்கத் தொட்டியும் சேரும் மடிப்பை முதலில் டார்ச் அடித்துப் பார்த்தேன், காய்ந்திருந்தது. ஹோஸ்களின் கிளாம்புகளிலும் ஈரமில்லை. வாட்டர் பம்பில், உள் சீல் தேய்ந்தால் கூலண்ட் வெளிவருவதற்கென்றே ஒரு சிறு துளை விடப்பட்டிருக்கும். அதன் கீழே படிவு இறங்கிய தடம் எதுவும் இல்லை. கியர்பாக்ஸ் உறையின் மேல்புறத்தில் மட்டும் இளஞ்சிவப்பாகக் காய்ந்த ஒரு கோடு தெரிந்தது. ஆனால் கியர்பாக்ஸின் அந்தப் பகுதியில் கூலண்ட் ஓடுவதே இல்லை. அப்படியானால் அது மேலிருந்துதான் வழிந்திருக்க வேண்டும். நீண்ட குச்சியின் நுனியில் டிஷ்யூ தாளைச் சுற்றி, கோட்டின் மேற்பகுதியிலிருந்த இணைப்புகளை ஒவ்வொன்றாக அடியில் துடைத்துப் பார்த்தேன். வெப்பத்துக்கேற்பக் கூலண்டின் ஓட்டத்தைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் பொருந்தியிருந்த பிளாஸ்டிக் உறையின் அடிப்பக்கத்தைத் தொட்டபோது தாள் இளஞ்சிவப்பாக நனைந்து வந்தது. சிறு கண்ணாடியை அடியில் நீட்டிப் பார்க்கையில், இரு பாதிகளும் ஒட்டிய தையலில் ஒரு துளி திரண்டு, தயங்கி, உறையோடு ஒட்டியபடியே வழிந்து மறைந்தது.

முள் இறங்கியும் வெளியே எங்கும் ஈரம் தென்படவில்லை என்றால் தேடல் வேறு திசையில் போயிருக்கும். டாஷ்போர்டுக்குள் இருக்கும், கூலண்டின் சூட்டால் உள்ளே வரும் காற்றைச் சூடாக்கும் ஹீட்டர் கோர் ஒழுகினால், முன் கண்ணாடியில் பிசுபிசுப்பான மூட்டம் படியும், காலடி விரிப்பு நனையும். ஏசியிலிருந்து வடியும் நீருக்கு நிறமும் கிடையாது, பிசுபிசுப்பும் கிடையாது என்பதால் இரண்டையும் பிரித்தறிவது எளிது. ஹெட் கேஸ்கெட்டில் (இன்ஜினின் மேல் பாகத்துக்கும் கீழ்ப் பாகத்துக்கும் இடையிலுள்ள அடைப்புத் தகட்டில்) சந்தேகம் எழுந்தால், நீல நிறத் திரவம் கொண்ட சோதனைக் குழாயைத் தொட்டியின் வாயில் பொருத்திப் பார்க்கலாம். இன்ஜினுக்குள் எரிபொருள் எரிந்து உண்டான வாயு கூலண்டில் கலந்திருந்தால் அந்தத் திரவம் மஞ்சளாக மாறும். கசிவை அடைப்பதாகச் சொல்லி விற்கப்படும் திரவங்களை நான் ஊற்றுவதில்லை. விரிசலை அடைக்கும் பொருளுக்கு ஹீட்டர் கோரின் குறுகிய குழாய் எது, விரிசல் எது என்று தெரியாது.

உறையையும் அதன் ரப்பர் வளையத்தையும் மாற்றியபின், வடித்த பழைய கூலண்டை உடனே மூடி வைத்தேன். அதன் இனிப்பு நாய்களை இழுக்கும், கொஞ்சம் குடித்தாலே நாய், பூனைகளின் சிறுநீரகம் பழுதாகும். புதியதை நிரப்பி, காற்று வெளியேற்றும் திருகைத் திறந்து, குமிழ் இல்லாமல் திரவம் வரும்வரை காத்திருந்து மூடினேன். பிறகு மறுபடி டெஸ்டரைப் பொருத்தினேன். முள் ஏற்றிய இடத்திலேயே நின்றது. மறுநாள் ஆறிய இன்ஜினில், உள்ளே தங்கியிருந்த காற்று வெளியேறியதால் மட்டம் சற்று இறங்கியிருந்தது. அதை நிரப்பிய பிறகு மட்டம் மாறவில்லை.