நீலக் கட்சிக்குள் ஒரு யாழ்ப்பாணச் சட்டத்தரணி

யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையின் கீழ் காணி வழக்குகளைப் பேசிப் பழகிய ஒருவருக்குக் கனடாவில் உடனே கைகொடுக்கும் சட்ட அறிவு அதிகம் இருப்பதில்லை. முதுசம், சீதனச் சொத்து, பங்காளிக்குரிய முன்வாங்கும் உரிமை ஆகியவை குறித்து ஒன்ராறியோவில் எவரும் ஆலோசனை கேட்டு வரப்போவதில்லை. 2012 இல் நான் ரொறொன்ரோவின் ஸ்காபரோவில் வந்து இறங்கியபோது, வெளிநாட்டுச் சட்டத் தகைமைகளை மதிப்பிடும் தேசியக் குழு அரசியலமைப்பு, நிர்வாகச் சட்டம், குற்றவியல் உள்ளிட்ட பாடங்களை மீண்டும் எழுதித் தேறும்படி கேட்டது. அதன்பின் பரிஸ்டர், சொலிசிட்டர் என்னும் இரு பரீட்சைகளும், ஒரு அலுவலகத்தில் பயிலுநராகக் கழித்த மாதங்களும் இருந்தன. அந்தக் காலத்தைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். என் கதையில் புதிதாக ஒன்றுமில்லை.

ஆனால் அந்தப் பாடங்களில் ஒன்றுதான் என்னை அரசியலுக்கு, அதுவும் நீல நிறத்தால் அறியப்படும் கன்சர்வேட்டிவ் பக்கத்துக்கு, இழுத்தது. அரசியலமைப்புச் சட்டத்துக்காகப் படித்தபோது ஜோன் டீஃபன்பேக்கர் என்ற பிரதமரை அறிந்தேன். அவர் மேற்குப் புல்வெளி மாகாணமான சஸ்காச்சுவானில் குற்ற வழக்குகளில் குற்றஞ்சாட்டப்பட்டவர்களுக்காக வாதாடிய சட்டத்தரணி. முற்போக்கு கன்சர்வேட்டிவ் கட்சிக்காரர். 1960 இல் கனடாவின் உரிமைகள் சட்டத்தைக் கொண்டுவந்தவர் அவரே. 1962 இல் அவருடைய அமைச்சர் எலன் ஃபெயர்கிளஃப் குடிவரவு விதிகளில் இருந்த இனப் பாகுபாட்டைப் பெருமளவு நீக்கினார். அந்த உரிமைகள் சட்டம் சாதாரண நாடாளுமன்றச் சட்டமாகவே இருந்ததால் நீதிமன்றங்களில் அதற்கு வலு குறைவாக இருந்தது என்பதையும், அரசியலமைப்பிலேயே உரிமைகளைப் பதித்த 1982 ஆம் ஆண்டுச் சாசனம் லிபரல் ஆட்சியில் வந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. இருந்தும், இலங்கையின் 1979 ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் ஒருவரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலமே ஒரு இளைஞனைச் சிறைக்கு அனுப்பப் போதுமானதாக இருந்ததைப் பார்த்தவன் நான். அரசின் கை எவ்வளவு தூரம் நீளலாம் என்று அளந்து பார்க்கும் அரசியல் எனக்குத் தேவைப்பட்டது. கன்சர்வேட்டிவ் என்றால் வரிக்குறைப்பு மட்டுந்தான் என்று எண்ணும் நம்மவர்களுக்கு இந்தக் காரணம் விசித்திரமாகத் தோன்றலாம்.

கட்சியில் சேர்வது வியப்பூட்டும் அளவுக்கு எளிதாக இருந்தது. நிரந்தர வதிவுரிமை பெற்றவர் குடியுரிமை கிடைக்கும்வரை தேர்தலில் வாக்களிக்க முடியாது; ஆனால் கட்சி உறுப்பினராகி, வேட்பாளரையும் தலைவரையும் தெரிவுசெய்யும் வாக்கெடுப்பில் பங்குபற்றலாம். 2015 மே மாதத்தில் பற்றிக் பிரவுன் ஒன்ராறியோ மாகாணத்தின் முற்போக்கு கன்சர்வேட்டிவ் (பிசி) கட்சியின் தலைவராகத் தெரிவானபோது, குடியேறிய சமூகங்களிலிருந்து திரட்டப்பட்ட புதிய உறுப்பினர்கள் அவருக்குப் பெரும் பலமாக இருந்தார்கள். அந்தப் போட்டிக்காகச் சேர்ந்தவர்களில் நானும் ஒருவன். வழக்காட அனுமதி தருவதற்கு இந்த நாடு ஆண்டுக்கணக்கில் என்னைச் சோதித்தது; கட்சியோ ஒரு படிவத்தோடு என்னை உள்ளே விட்டது.

உள்ளே போனபின் சட்டத்தரணிக்கு ஒதுக்கப்படும் வேலை மேடைப்பேச்சு அல்ல, கணக்கும் விதியும்தான். நம் வர்த்தகர்கள் நல்ல மனதோடு கடையின் பெயரில் காசோலை எழுதித் தருவார்கள். நாடளாவிய தேர்தலில் நிற்கும் கூட்டாட்சிக் கட்சிகளுக்கு நிறுவனங்களும் தொழிற்சங்கங்களும் நன்கொடை தர முடியாது, 2017 முதல் ஒன்ராறியோவிலும் அதே தடை. எனவே காசோலையைத் திருப்பிக் கொடுத்து, சொந்தப் பெயரில் எழுதும்படி கேட்க வேண்டும். கூட்டாட்சிக் கட்சிக்கு 400 டொலர் கொடுத்தால் 300 டொலர் வரிச் சலுகையாகத் திரும்பும் என்று சொன்னதும் முகங்கள் மலர்ந்துவிடும்.

2016 செப்டெம்பரில் நடந்த ஸ்காபரோ ரூஜ் ரிவர் இடைத்தேர்தலில், கொரியாவில் பிறந்தவரும் நீண்டகால மாநகர சபை உறுப்பினருமான ரேமண்ட் சோவுக்காக வீடு வீடாகச் சென்றோம். அதுவரை லிபரல்கள் வைத்திருந்த அந்தத் தொகுதியை அவர் வென்றார். வாசல்களில் வயதானவர்கள் என்னை உள்ளே கூப்பிட்டுத் தேத்தண்ணீர் தந்தார்கள். ஆனால் கேள்வியை விடவில்லை. "தம்பி, எங்கட சனம் வந்த கப்பலை மறிச்சு, ஆக்களை அடைச்சு வைச்சது இவங்கள் எல்லே? நீர் படிச்ச பிள்ளை, ஏன் இவங்களோட?" என்று ஓர் ஐயா கேட்டார்.

கேள்வி நியாயமானது. 2010 இல் எம்.வி. சன் சீ கப்பலில் 492 தமிழர்கள் வந்தபோது கூட்டாட்சியில் ஆண்ட கன்சர்வேட்டிவ் பிரதமர் ஸ்டீபன் ஹார்ப்பரின் அரசு அவர்களைத் தடுப்புக்காவலில் வைத்தது, பலரைப் பல மாதங்களுக்கு. நான் ஐயாவிடம் 1986 ஆம் ஆண்டைச் சொன்னேன். அந்த ஆகஸ்ட் மாதம் நியூஃபவுண்லாந்துக் கரைக்கு அப்பால் உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழர்களை மீனவர்கள் மீட்டபோது, எதிர்ப்புக் குரல்களுக்கு நடுவில் அவர்கள் தங்குவதற்கு ஆதரவாக நின்றவர் பிரதமர் பிரையன் மல்றோனி, அவரும் டீஃபன்பேக்கரின் கட்சிக்காரர். 2013 இல் கொழும்பில் நடந்த பொதுநலவாய மாநாட்டுக்குச் செல்ல மறுத்தவர் அதே ஹார்ப்பர். இவையெல்லாம் 2010 ஐ அழித்துவிடும் என்று நான் வாதிடவில்லை. அந்தப் பழைய கட்சி 2003 இல் கனேடியக் கூட்டணி என்ற வலதுசாரிக் கட்சியுடன் இணைந்தபின் வேறொரு கட்சியாகிவிட்டது என்பாரும் உண்டு. அந்த வாதத்தில் பாதியளவு உண்மை இருப்பதாகவே நினைக்கிறேன்.

எனக்கு அதைவிடக் கடினமாக இருந்தவை இரு சட்டங்கள். பயங்கரவாதக் குற்றத்துக்குத் தண்டிக்கப்பட்ட இரட்டைக் குடியுரிமையாளரின் கனேடியக் குடியுரிமையைப் பறிக்க வழிசெய்த 2014 ஆம் ஆண்டுத் திருத்தத்தையும், உளவுத்துறைக்குப் புதிய அதிகாரங்களைத் தந்த 2015 ஆம் ஆண்டுப் பயங்கரவாத எதிர்ப்புச் சட்டத்தையும் இயற்றியது நான் சேர்ந்த பக்கமே. அரசின் கையை அளக்கத்தான் வந்தேன் என்று தொகுதிச் சங்கக் கூட்டத்தில் எழுந்து சொன்னேன். சிலர் முகம் சுளித்தார்கள். பழைய கட்சிக்காரர் ஒருவர் டீஃபன்பேக்கர் இருந்திருந்தால் அவரும் எழுந்திருப்பார் என்றார். குடியுரிமை பறிக்கும் ஏற்பாட்டை லிபரல் அரசு 2017 இல் நீக்கியபோது நான் வருந்தவில்லை.

கேள்வி கேட்ட ஐயா இன்றும் கூட்டாட்சித் தேர்தலில் ஒட்டாவாவுக்கு லிபரல்களையே அனுப்புகிறார். மாகாணத் தேர்தலில் மட்டும் அவருடைய புல்தரையில் நீலப் பலகை நிற்கும். அவர் மட்டுமல்ல: ஸ்காபரோ ரூஜ் பார்க் தொகுதி 2018 இல் பிசி கட்சியின் விஜய் தணிகாசலத்தை மாகாணச் சட்டமன்றம் உள்ள குவீன்ஸ் பார்க்குக்கு அனுப்பி, மறு ஆண்டே லிபரல் கட்சியின் ஹரி ஆனந்தசங்கரியை ஒட்டாவாவுக்கு மீண்டும் அனுப்பியது.