அதிகாலைச் சிறுநீரின் அடர்த்தி

எங்கள் நாய் கருப்பனுக்கு 11 வயது. மலேசியாவில் சுங்கை சிப்புட்டை ஒட்டிய செம்பனைத் தோட்டத்து லயத்தில் கோழிகளை விரட்டித் திரிந்த அவன், சென்ற ஆண்டின் கடைசியில் தண்ணீர்ச் சட்டியை விட்டு நகராமல் நின்றபோது, வெயில்தான் காரணம் என்று வீட்டில் எல்லாரும் நினைத்தோம். தண்ணீரைக் குறைத்து வைத்தால் இரவில் எழுப்ப மாட்டான் என்று பக்கத்து வீட்டு அக்கா அக்கறையோடுதான் சொன்னார். நல்ல வேளையாக நான் அதைச் செய்யவில்லை. முதலில் போன கிளினிக்கில் இரத்தத்தை மட்டும் எடுத்துப் பார்த்து, சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் லிட்டருக்கு 118 மைக்ரோமோல், சிறுநீரகத்துக்கு ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

அந்த எண் பொய்யன்று. ஆனால் தாமதமாக வாய் திறக்கும் எண். சிறுநீரகத்தின் வேலைத்திறனில் ஏறக்குறைய முக்கால் பங்கு போன பிறகுதான் கிரியேட்டினின் வரம்பைத் தாண்டி உயர்கிறது. அது தசையிலிருந்து உண்டாகும் பொருள் என்பதால், வயதாகி மெலிந்த நாயிடம் இன்னும் குறைத்தே காட்டும். சிறுநீரைச் செறிவாக்கும் திறனோ, மூன்றில் இரண்டு பங்கு போகும்போதே தளர்ந்துவிடுகிறது. எனவே சந்தேகம் வந்த நாயின் இரத்தத்தைப் பார்த்துவிட்டுச் சிறுநீரைப் பார்க்காமல் விடுவது பாதிச் சோதனைதான் என்பது என் உறுதியான எண்ணம்.

ஈப்போவில் இரண்டாவதாகப் பார்த்த மருத்துவர், ஒரு நாள் முழுக்க அவன் குடிக்கும் தண்ணீரை அளந்து வரச் சொன்னார். ஒரு கிலோ எடைக்கு 100 மில்லிலிட்டருக்கு மேல் போனால் அது நோயின் அடையாளம் என்றார். 14 கிலோ கருப்பன் 1,700 மில்லிலிட்டர் குடித்திருந்தான். மறுநாள் காலை ஐந்தரைக்குக் கையுறை மாட்டிக்கொண்டு (எலிச் சிறுநீரால் நாய்க்கும் மனிதருக்கும் தொற்றும் நோயைத் தோட்டத்தில் இருப்பவர்கள் மறக்கக் கூடாது), நீளப் பிடியுள்ள குழம்புக் கரண்டியை அவன் வயிற்றடியில் நீட்டிப் பிடித்தேன். பிடித்ததைச் சுத்தமான புட்டியில் ஊற்றி, ஐஸ் வைத்த பையில் கொண்டுபோனேன்.

மருத்துவர் ஒரு சொட்டை, சிறுநீரின் அடர்த்தியைத் தண்ணீரோடு ஒப்பிட்டுக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரின் கண்ணாடியில் விட்டு மூடி, சன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து என்னையும் பார்க்கச் சொன்னார். மேலே நீலம், கீழே வெள்ளை. இரண்டும் சந்திக்கும் கோடு 1.011இல் நின்றது. சிறுநீரகம் எதையும் செறிவாக்காமலும் நீர்க்க வைக்காமலும் வடிகட்டியதை அப்படியே விட்டால் 1.008 முதல் 1.012 வரை வரும். உடலில் நீர் குறையும்போது நல்ல சிறுநீரகம் 1.030க்கு மேல் செறிவாக்கிக் காட்டும். சிறுநீரில் நனைத்துப் பார்க்கும் சோதனைப் பட்டையிலும் அடர்த்திக்கென்று ஒரு கட்டம் உண்டு, ஆனால் விலங்குகளுக்கு அதை நம்ப முடியாதாம்.

ஒரு தடவை பார்த்ததை வைத்து அவர் முடிவு கட்டவில்லை. சர்க்கரை இல்லை என்று உறுதி செய்தார், ஒரு வாரம் கழித்து மீண்டும் அதிகாலைச் சிறுநீரைக் கேட்டார், அப்போதும் 1.011தான். சிறுநீரில் புரதத்துக்கும் கிரியேட்டினினுக்கும் உள்ள விகிதம் நாய்க்கு 0.5ஐத் தாண்டக் கூடாது, கருப்பனுக்கு 0.9. இரத்த அழுத்தமும் பார்த்த பிறகே பாஸ்பரஸ் குறைந்த உணவும் சிறுநீரில் புரதம் ஒழுகுவதைக் குறைக்கும் பெனாசெப்ரில் மாத்திரையும் எழுதித் தந்தார். தண்ணீரை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் குறைக்காதீர்கள், அவன் இழப்பதைத்தான் குடித்து ஈடுகட்டுகிறான் என்று இரண்டு முறை சொன்னார். இப்போது படுக்கப் போகும் முன் அக்காவே வந்து சட்டி நிறைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போகிறார்.