தார் போடும் முன்பே பார்க்க வேண்டும்: எங்கள் ஊர்ச் சாலை வேலை

புதுக்கோட்டை மாவட்டத்தில் எங்கள் ஊரை மெயின் ரோட்டோடு இணைக்கும் சாலை, பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டத்தில் எடுக்கப்பட்டது. அப்போது நான் வார்டு உறுப்பினர். மற்ற ஊர்க்காரர்களுக்கும் உதவும் என்பதால் நடந்ததை எழுதுகிறேன்.

முதல் வேலையாகத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு எஸ்டிமேட் நகல் வாங்கினோம். 30 நாளுக்குள் பதில் தந்தாக வேண்டும். 2005ஆம் ஆண்டின் அந்தச் சட்டம், நடக்கிற வேலையை நேரில் பார்வையிடவும் பொருள்களின் மாதிரி கேட்டு வாங்கவும்கூட உரிமை தருகிறது. இது பலருக்குத் தெரிவதில்லை.

எஸ்டிமேட்படி கிராவல் அடித்தளத்தின் மேல் இரண்டு ஜல்லி அடுக்கு, ஒவ்வொன்றும் 75 மி.மீ. அதற்கு மேல் 20 மி.மீ. தார்க் கலவை, தண்ணீர் இறங்காமல் அதை மூடும் மெல்லிய பூச்சான சீல் கோட். இந்த 75 என்பது ரோலர் ஓட்டி இறுகிய பிறகு நிற்க வேண்டிய கனம். கொட்டிப் பரப்பிய உடனே அளந்தால் எல்லா இடத்திலும் சரியாகத்தான் காட்டும். தார் மூடிவிட்டாலோ, வெட்டிப் பார்க்காமல் உள்ளே இருப்பது தெரியாது.

சிறுபாலத்தை ஒட்டிய பகுதியில் நடந்தபோது ஜல்லி காலடியில் நகர்ந்தது. தண்ணீர் போதவில்லை, ஜல்லி இடுக்குகளை அடைக்கப் போடும் கல்பொடி உள்ளே இறங்கவில்லை. பொறியாளரிடம் சொன்னோம். அவர் கடப்பாரையால் சின்னக் குழி தோண்டச் சொல்லி ஸ்கேல் வைத்தார். 55 மி.மீ.தான் இருந்தது. கொஞ்சம் தள்ளி இன்னொரு குழி: அங்கே 60 மி.மீ.

"தார் போட்டா எல்லாம் சரியாயிடும் சார்" என்றார் ஒப்பந்ததாரரின் ஆள். பொறியாளர் மசியவில்லை. முடிந்த வேலையின் அளவுகளைப் பொறியாளர் பதியும் அளவுப் புத்தகத்தில் ஏறினால்தான் பில் பாஸாகும். இதைச் சரிசெய்யாமல் ஏற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அந்த நீளத்தைக் கிளறி, ஜல்லி சேர்த்து, டேங்கரில் தண்ணீர் விட்டு, மறுபடி ரோலர் ஓட்டினார்கள். நம் கையில் இருக்கும் பிடி அந்த அளவுப் புத்தகம்தான். பில் போன பிறகு மனுக் கொடுத்து அலைவதைவிட அதற்கு முன் சொல்லும் ஒரு வார்த்தைக்கு மதிப்பு அதிகம்.

வேலை தள்ளிப்போனதில் ஊருக்குள்ளேயே கோபம். மினி பஸ் வரவில்லை, பிள்ளைகள் புழுதியில் நடந்தார்கள். "சட்டுனு தாரைப் போட்டுட்டுப் போகட்டுமே, உனக்கென்னப்பா?" என்று பெரியவர்களே கேட்டார்கள். அவர்களைக் கூட்டிப்போய் அந்தக் குழிகளைக் காட்டிய பிறகுதான் சமாதானம் ஆனார்கள்.

இந்தத் திட்டத்தில் மாநில, தேசியத் தர ஆய்வாளர்களும் வருவார்கள். ஆனால் அவர்கள் வருவது சில நாள்தான். தினமும் அந்த வழியாக வயலுக்குப் போகிறவர்கள் நாம். எங்கள் ஊரில் மாடு மேய்க்கப் போகும் ஒரு அக்காதான் ரோலர் வராத நாள்களைச் சரியாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

சாலை முடிந்தபின் 5 வருடப் பராமரிப்பும் ஒப்பந்ததாரர் பொறுப்பு. அறிவிப்புப் பலகையிலேயே எழுதியிருந்தது. முதல் மழையில் ஓரத்து மண் அணைப்பு அரித்தது. பலகையைப் படமெடுத்து மனுவோடு இணைத்துக் கொடுத்தோம். வந்து மண் போட்டு இறுக்கினார்கள். கிளறிப் போட்ட அந்தச் சிறுபாலத்தை ஒட்டிய பகுதியில் இதுவரை பள்ளம் விழவில்லை.