கப்பல் முகப்புச் சிலை வாங்கினால் முதலில் முதுகைப் பாருங்கள்

இங்கிலாந்தின் தென்மேற்குக் கரையோரம் குடியிருக்கிறேன். பழைய பாய்மரச் சரக்குக் கப்பலின் அணியத்தில், அதாவது முன்முனையில், இருந்த மரச்சிலை ஒன்றை ஏலத்தில் எடுத்தேன். அது அசல்தானா என்று உறுதி செய்து, பூச்சியும் ஈரமும் போக்கி, வீட்டுக்குள் நிறுத்தும் வரை நடந்ததை எழுதுகிறேன். இப்படி ஒன்றை வாங்க நினைக்கும் நம்மவர்கள் யாருக்காவது உதவும்.

சிலை இடுப்பு வரையிலான ஒரு பெண். வெள்ளைப் பூச்சு, மார்பில் பதிந்த வலக்கை, முழங்கையோடு உடைந்துபோன இடக்கை. விற்றவர்கள் கொடுத்த தாளில் 1840களின் கப்பல் ஒன்றின் பெயரும் இருந்தது.

அலங்காரத்துக்காகப் புதிதாகச் செதுக்கி, பழசுபோலத் தேய்த்து, வெடிப்பு விழவைத்து விற்கும் சிலைகள் சந்தையில் நிறைய. முகத்தை எப்படி வேண்டுமானாலும் பழசாக்கலாம், முதுகை அப்படிச் செய்வது கஷ்டம். உண்மையான சிலையின் பின்புறத்தில், கப்பலின் முன்மரத்தில் கவ்வி உட்கார வெட்டிய பள்ளம் இருக்கும். இரும்பு போல்ட் போன துளைகள் இருக்கும், அவற்றைச் சுற்றி துரு ஊறி மரம் கறுத்திருக்கும். இன்னொன்று, கப்பலில் இது முன்னால் சாய்ந்தபடி இருந்தது. அந்தச் சாய்வில் கண் நேராகக் கடலைப் பார்க்க வேண்டும் என்று செதுக்கியதால், தரையில் நிமிர்த்தி வைத்தால் முகம் கூரையைப் பார்க்கும். என் சிலை அப்படித்தான் பார்த்தது. ஒரே கட்டையாகவும் இல்லை, பைன் துண்டுகளை ஒட்டி முடுக்கிச் செய்தது.

ஏலத்துக்கு முன்பே லண்டன் கிரீனிச்சில் நிற்கும் 'கட்டி சார்க்' கப்பலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். 1869இல் கட்டிய தேயிலைக் கப்பல் அது. அதன் அடிவயிற்றுக்குக் கீழே சரக்குக் கப்பல் சிலைகள் எண்பதுக்கும் மேல் வரிசையாக இருக்கின்றன. சிட்னி கம்பர்ஸ் என்ற லண்டன் வியாபாரி வாழ்நாளெல்லாம் சேர்த்து 1953இல் கொடுத்தவை. கையால் தொட முடியாவிட்டாலும், பக்கவாட்டில் நின்று இணைப்புகளையும் சாய்வையும் பார்த்தாலே கண் பழகிவிடும். எத்தனை புகைப்படம் பார்த்தாலும் இது வராது.

அப்புறம் மரப் பாதுகாப்பு நிபுணர் ஒருவரிடம் கொண்டுபோனேன். குண்டூசித் தலையைவிடச் சிறிய பூச்சுச் சில்லு ஒன்றை எடுத்து, பிசினில் பதித்து, தேய்த்து, நுண்ணோக்கியில் காட்டினார். எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான். மேலே வெள்ளை, அதற்கும் கீழே வெள்ளை, இடையிடையே மெல்லிய கறுப்புக் கோடுகளாக அழுக்கு, அதற்கெல்லாம் அடியில் ஒரு நீலம். ஒரு காலத்தில் அவள் நீல உடை அணிந்திருக்கிறாள்! டைட்டானியம் வெள்ளை என்ற நிறமி சந்தைக்கு வந்ததே 1920ஐ ஒட்டித்தான். அது மேல் பூச்சில் மட்டும்தான் இருந்தது, கீழே இருந்த வெள்ளையெல்லாம் அதற்கு முன்பே புழங்கிய ஈய வெள்ளை. இது மட்டுமே முழு நிரூபணம் ஆகிவிடாது என்றாலும், முதுகும் பூச்சும் ஒன்றையே சொன்னதால் அசல் என்று ஒப்புக்கொண்டார்.

அந்த நேரம் ஊரிலிருந்து மாமா வந்திருந்தார். "கோயில் வாகனத்துக்கு வர்ணம் பூசுற மாதிரி பழசைச் சுரண்டிட்டுப் புதுசா அடிச்சா பளிச்சுனு இருக்கும்ல மாப்ளே?" என்றார். வழிபாட்டில் இருக்கும் வாகனத்துக்கு அது சரி, இதற்கும் கப்பலில் இருந்த காலத்தில் மாலுமிகள் அதைத்தான் செய்தார்கள். ஆனால் இப்போது சுரண்டினால் அந்த நீலமும் போய்விடும், அழுக்குக் கோடுகளும் போய்விடும். தவிர, ஈயத் தூசி உடம்புக்கு நஞ்சு, தயவுசெய்து வீட்டில் யாரும் உப்புத்தாள் போடாதீர்கள். மாமாவை நுண்ணோக்கிப் படத்தைப் பார்க்க வைத்தேன். அதன்பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

பழுது பார்ப்பதில் அவசரமே கூடாது. சிலை பல காலம் தோட்டத்தில் நின்றிருக்கிறது, அடிப்பகுதி ஈரம் குடித்திருந்தது. மரத்தில் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கு மேல் இருந்தால் உளுக்கவைக்கும் பூஞ்சை பிழைத்துக்கொள்ளும். சட்டென்று சூட்டில் காயவைத்தாலோ மரம் வெடித்து, பூச்சு உரிந்து விழும். அதனால் மெதுவாக, மிக மெதுவாகக் காயவைத்தார்கள். மரத்தைத் துளைக்கும் வண்டுக்கு மருந்து அடிக்கவில்லை, காற்றுப் புகாத உறையில் மூடி ஆக்ஸிஜனை ஒரு சதவீதத்துக்கும் கீழே கொண்டுபோய் வாரக்கணக்கில் வைத்தார்கள். உளுத்த இடங்களில் அக்ரிலிக் பிசின் ஊற்றி இறுக்கினார்கள். உடைந்த கையைப் புதிதாகச் செய்து வைக்கலாமா என்று கேட்டார்கள், வேண்டாம் என்றேன்.

கடைசியாகக் கப்பலின் பெயர். பிரிட்டனில் 1786ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சரக்குக் கப்பல்களைப் பதிவு செய்தபோது அணியத்தில் என்ன உருவம் இருக்கிறது என்பதையும் எழுதினார்கள். பெண் மார்புருவம், ஆண் மார்புருவம், வெறும் சுருள் வேலைப்பாடு என்று. அந்தப் பதிவுகள் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன. தாளில் இருந்த பெயரைத் தேடினால், அதே பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட கப்பல்கள். ஒன்றுக்குச் சுருள், மற்றொன்றுக்கு ஆண் உருவம், பெண் உருவம் எதற்குமே இல்லை. விற்றவர்களிடம் ஆதாரம் கேட்டு எழுதினேன், பதில் இல்லை. காப்பீட்டுத் தாளில் 'கப்பல் பெயர் தெரியாது' என்று எழுதவைத்துவிட்டேன். பெயர் இருந்தால் விலை கூடும் என்பது உண்மைதான். அதற்காக வேறொரு கப்பலின் பெயரை இவள்மேல் ஒட்ட எனக்கு மனசு வரவில்லை.

இப்போது வரவேற்பறையில், அறையைச் சூடாக்கும் ரேடியேட்டருக்குத் தள்ளி, பழைய போல்ட் துளைகளையே பயன்படுத்தி இரும்புத் தாங்கியில் மாட்டியிருக்கிறோம். புதிதாக ஓர் ஆணிகூட அடிக்கவில்லை. கப்பலில் இருந்த சாய்வைக் கொடுத்ததும் பார்வை நேராக வந்துவிட்டது. ஈரத்துணி கூடாது, மென்மையான தூரிகை போதும். அடியில் ஒரு கறுப்புத் தாள் விரித்து வையுங்கள். கோடையில் அதில் புதிதாக மரத்தூள் விழுந்தால் வண்டு இன்னும் உயிரோடு இருக்கிறது, உடனே நிபுணரைக் கூப்பிடுங்கள்.