பட்டியலில் என் பெயர் இல்லை: ஒரு சேகரத் தேர்தல் அனுபவம்

ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்தால் கோயில் வராந்தாவில் வரைவு வாக்காளர் பட்டியல் ஒட்டியிருந்தது. என் வீட்டுக்காரர் பெயர் இருந்தது. மாமியார் பெயர் இருந்தது. மேலிருந்து கீழே மூன்று தடவை விரல் வைத்துப் பார்த்துவிட்டேன், என் பெயர் இல்லை. கோயம்புத்தூரில் பதினொரு வருஷம் இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பி இரண்டு வருஷம் ஆகிறது. ஒரு ஞாயிறு தவறவிட்டதில்லை. ஓய்வுநாள் பள்ளியில் வகுப்பு எடுக்கிறேன். அன்று தொண்டை அடைத்துவிட்டது.

தெற்கே ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சேகரம் எங்களுடையது; ஒரு குருவானவரின் பொறுப்பில் இருக்கும் சபைகளைத்தான் சேகரம் என்கிறோம். மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை தேர்தல் வரும். சேகரக் கமிட்டிக்கும், பல சேகரங்கள் சேர்ந்த திருமண்டலத்தின் பெருமன்றத்துக்கான பிரதிநிதிகளுக்கும் நாங்கள்தான் ஓட்டுப் போடுகிறோம். மேலே பேராயர் இருக்கிறார், குருவானவரை அவர்தான் அனுப்புகிறார். ஆனால் கோயில் பணத்தை எதற்குச் செலவழிப்பது, எந்த ஊழியத்தைத் தொடங்குவது, எதை நிறுத்துவது என்பதெல்லாம் கமிட்டி மேஜையில்தான் முடிவாகும். 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், தென்னிந்திய ஐக்கிய சபை மூன்றும் இந்தத் திருச்சபையாக இணைந்தபோது, பேராயரும் இருக்கட்டும், சபையாருக்கும் குரல் இருக்கட்டும் என்று பேசி முடிவு செய்துதான் இணைந்தார்கள். அந்தக் குரல் எனக்கு இல்லை என்று ஒரு காகிதம் சொல்கிறது. எப்படிச் சும்மா இருக்க முடியும்?

திங்கட்கிழமை சேகர ஆபீசுக்குப் போனேன். அங்கே இருந்தவர் தலையை நிமிர்த்தாமலே, "திடப்படுத்தல் சான்று இல்ல. சங்கமும் உங்க பேர்ல இல்லியே" என்றார். திடப்படுத்தல் என்பது, ஞானஸ்நானம் பெற்றவரின் தலையில் பேராயர் கை வைத்து ஜெபித்துச் சபையில் உறுதிப்படுத்தும் சடங்கு. சங்கம் என்பது சபைச் சந்தா; மாதா மாதம் நூறு ரூபாய் கட்டுகிறோம். குடும்பத்துக்குச் சேர்த்து என்று நினைத்துத்தான் கட்டினோம். ரசீது எல்லாம் வீட்டுக்காரர் பெயரில். என் சம்பளத்திலிருந்து போன பணம் அது. "என்ன செய்யணும்?" என்று கேட்டேன். "விதியில இருக்கு, பாத்துக்கிடுங்க" என்றார். விதிப் புத்தகத்தைக் கேட்டால், பீரோவில் இருக்கிறதாம், அப்புறம் வரணுமாம்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். விதி திருமண்டலத்துக்குத் திருமண்டலம் கொஞ்சம் மாறும். உங்கள் திருமண்டல விதிப் புத்தகத்தை உங்கள் காசு கொடுத்து வாங்கி வீட்டில் வையுங்கள். நான் ஒரு தோழியிடம் கடன் வாங்கிப் படித்த பிறகுதான், பாக்கியைக் கட்டிவிட்டு எழுத்தில் ஆட்சேபணை கொடுக்கலாம் என்றே தெரிந்தது. வாய்வார்த்தையாக எத்தனை தடவை கேட்டாலும் அதற்குக் கணக்கில்லை. மனு எழுதி, ஒரு நகலில் "பெற்றுக்கொண்டேன்" என்று தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ள வேண்டும்.

திடப்படுத்தல் நடந்தது அம்மா ஊரில், 1994இல். இரண்டு பஸ் மாறி, உச்சி வெயிலில் போய்ச் சேர்ந்தால், கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை அண்ணாச்சி மட்டும்தான் இருந்தார். "ஐயரு மீட்டிங்குக்குப் போயிருக்காக. பீரோ சாவி அவுககிட்டதான் இருக்கு, தாயி" என்றார். குருவானவரைத்தான் எங்கள் பக்கம் ஐயர் என்போம். ஒரு போன் பண்ணிக் கேட்டுவிட்டுப் போயிருக்கலாம். அன்று லீவு போட்டது வீண்.

இரண்டாம் தடவை போனபோது குருவானவர் இருந்தார். நல்ல மனுஷர், டீ கொடுத்து உட்கார வைத்து, அவரே பதிவேட்டை எடுத்து வந்தார். காலிகோ துணி பைண்டிங், ஓரமெல்லாம் பூச்சி அரித்த ஓட்டை. மை பழுப்பேறியிருந்தது. அந்த வருஷம் முப்பத்திரண்டு பேர். பத்தொன்பதாவது வரியில் என் ஞானஸ்நானப் பெயர், அப்பா பெயர், கடைசியில் பேராயர் கையெழுத்து. சித்தி மகளிடம் இரவல் வாங்கிய வெள்ளை முக்காடு, என் தலையில் அழுந்திய அந்தக் கை, எல்லாம் அந்த வரியைப் பார்த்ததும் திரும்பி வந்தது. கண் கலங்கிவிட்டது.

அப்புறம்தான் அடுத்த சிக்கல். பதிவேட்டில் இருப்பது ஞானஸ்நானப் பெயர், ஆதாரில் இருப்பது பள்ளிக்கூடப் பெயர். எங்கள் பக்கம் பாதிப் பேருக்கு இப்படித்தான். இரண்டும் ஒரே ஆள்தான் என்று குருவானவர் தனியாக ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். சந்தோஷமாக வந்தேன். சனிக்கிழமை ஆபீசில் கொடுத்தால், கடிதத்தில் முத்திரை இல்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். மறுநாள் மாலை 5 மணியோடு கெடு முடிகிறது. வீட்டுக்காரர் விடியற்காலை பைக்கை எடுத்துக்கொண்டு போய், முதல் ஆராதனைக்கு முன்னால் முத்திரை வாங்கி வந்தார். சான்று வாங்கினால் கையெழுத்து, தேதி, முத்திரை மூன்றையும் அங்கேயே நின்று பாருங்கள்.

இதற்கு நடுவில், ஆபீசில் காத்திருந்த நேரத்தில் பட்டியலைத் தெரு வாரியாகப் படித்துப் பார்த்தேன். நான் ஒருத்தி மட்டும் இல்லை. எனக்குத் தெரிந்தே இருபத்து மூன்று பெண்கள் விடுபட்டிருந்தார்கள். எல்லாரும் கட்டிக்கொண்டு வந்தவர்கள், சங்கம் புருஷன் பெயரில் கட்டுகிறவர்கள். புதன்கிழமை பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்தில் இதைச் சொன்னேன். ஒவ்வொருவருக்கும் தனி ரசீது போட வைத்தோம். பதினான்கு பேர் துணைப் பட்டியலில் ஏறினார்கள். மற்ற ஒன்பது பேருக்கு அம்மா ஊரிலிருந்து சான்று வாங்க நேரம் போதவில்லை. அது எனக்கு இன்னும் வலிக்கிறது. என் எண் 417.

தேர்தல் அமைதியாக நடந்தது. கமிட்டிக்கு நானும் நின்றேன், ஜெயித்தேன்.

அடுத்த ஐந்து வருஷம் சபை என்ன செய்ய வேண்டும் என்று பேச, புதுக் கமிட்டி ஒரு முழுச் சனிக்கிழமை உட்கார்ந்தது. பாதிப் பேர் கோபுரத்தை உயர்த்தி கிரானைட் ஒட்ட வேண்டும் என்றார்கள். அவர்களுக்கும் கோயில் மேல் உள்ள பாசம்தான். ஆனால் எங்கள் பெஞ்சுகளைப் பாருங்கள்: பிள்ளைகள் சென்னையிலும் வளைகுடாவிலும், இங்கே இருப்பது வயதானவர்கள். ராப்போஜன ஆராதனைக்கு வர வண்டியில்லாமல் எத்தனை பாட்டிமார் வீட்டிலேயே இருக்கிறார்கள்! கீழத்தெருப் பிள்ளைகளுக்கு ராத்திரி படிக்க இடமில்லை, அவர்களில் பலர் நம் சபைப் பிள்ளைகள் இல்லை. அவர்களும் வரட்டும் என்றேன். "அது நம்ம வேலையா?" என்று ஒருவர் கேட்டார்.

அப்போது ஓய்வுபெற்ற சபை ஊழியர் ஐயா எழுந்தார். வெள்ளாளன்விளையில் பிறந்து, பின்னால் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரான அசரியா 1902இல் யாழ்ப்பாணம் போனபோது, அங்கே தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தக் காசில் ஊழியரை அனுப்புவதைப் பார்த்தார். மறு வருஷம் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியது. பாஷை தெரியாத தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்கு ஆள் போனது. "நம்ம ஆளுக இல்லாத இடத்துக்குத்தான் அன்னைக்குப் போனாக. கீழத்தெரு அதைவிடத் தூரமா, தம்பி?" என்றார். யாரும் பேசவில்லை.

மாலைப் படிப்பகம், ஞாயிறு வண்டி இரண்டுக்கும் தீர்மானம் நிறைவேறியது. கோபுரம் ஒத்திவைக்கப்பட்டது. சரி, முடிந்தது என்று வீட்டுக்கு வந்துவிட்டேன். அடுத்த கூட்டத்தில் மினிட்ஸ் வாசிக்கிறார்கள்: படிப்பகம் "சபைப் பிள்ளைகளுக்கு" என்று எழுதியிருக்கிறது! வண்டியைப் பற்றி ஒரு வரியும் இல்லை. வேண்டுமென்று செய்தார்களா, அவசரத்தில் விட்டுப்போனதா, தெரியாது. கையெழுத்துக்கு முன்னால் எழுந்து நின்று, தீர்மானத்தை என் நோட்டிலிருந்து வார்த்தைக்கு வார்த்தை வாசித்தேன். நாலு பேர் ஆமாம் என்றார்கள். திருத்தி எழுதி, ஓரத்தில் சுருக்கொப்பம் வைத்த பிறகுதான் உட்கார்ந்தேன். கமிட்டிக்குப் போகிற யாரும் தீர்மானத்தைத் தங்கள் கையால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மினிட்ஸ் வாசிக்கும்போதுதான் முழுக் கவனம் வேண்டும்.

படிப்பகத்துக்கு இப்போது ஒன்பது பிள்ளைகள் வருகிறார்கள், ஐந்து பேர் கீழத்தெரு. வண்டி வாடகைக்கு இன்னும் நன்கொடை சேரவில்லை. அந்த ஒன்பது பெண்களில் ஆறு பேருக்குச் சான்று வாங்கிவிட்டோம், மூன்று பேருக்கு வரும் வாரம் போகிறேன். இந்தத் தடவை போன் பண்ணிக் கேட்டுவிட்டேன்; ஐயர் ஊரில்தான் இருக்கிறாராம்.