சம்பளமில்லாத கண்டக்டர் வேலை

"கண்டக்டர் வேலை. சம்பளம் கிடையாது. ரயில் சார்ஜும் உன் கைக்காசு. இதுக்குப் பரீட்சை வேற வெக்கிறாங்களா?" போனில் அப்பா கேட்டதை அப்படியே எழுதியிருக்கிறேன். கேட்டதில் தப்பே இல்லை. எனக்கே முதல் மாதம் அந்தச் சந்தேகம் இருந்தது.

நான் இருப்பது இங்கிலாந்தில், டெர்பியில். இங்கிருந்து மேட்லாக் போகும் சின்ன ரயிலில் ஏறி வாட்ஸ்டாண்ட்வெல்லில் இறங்கி, மூச்சு வாங்க வாங்க ஒரு மைலுக்கு மேல் மலை ஏறினால் கிரிச் வரும். அங்கே பழைய சுண்ணாம்புக்கல் குவாரிக்குள் தேசிய டிராம் அருங்காட்சியகம் இருக்கிறது. முதலில் பிள்ளைகளோடு பார்க்கத்தான் போனேன். வாசலில் ஆளுக்கு ஒரு பழைய பென்னி கொடுத்தார்கள். 1971இல் செல்லாக்காசாகிப்போன, உள்ளங்கையில் கனக்கிற பெரிய வெண்கலக் காசு. அதை டிராமில் கண்டக்டரிடம் கொடுத்தால் டிக்கெட் தருவார். அதை வைத்துக்கொண்டு அன்று முழுக்க எத்தனை தடவை வேண்டுமானாலும் போகலாம், வரலாம். என் பையன் காசைக் கொடுக்க மாட்டேன் என்று கையை மூடிக்கொண்டான். எழுபதைத் தாண்டிய அந்தக் கண்டக்டர் கோபப்படாமல், "வெச்சுக்க, ஆனா நீ நடந்துதான் வரணும்" என்று சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போனார். காசு உடனே வந்துவிட்டது. இறங்கும்போது அவரிடம் பேச்சுக் கொடுத்தேன். தன்னார்வலர்களுக்கு எப்போதும் இடம் இருக்கிறது, விண்ணப்பம் போடு என்றார்.

விண்ணப்பம், இரண்டு பேரின் சான்று, உடல்நிலை பற்றி ஒரு படிவம். அதெல்லாம் சுருக்கமாகவே முடிந்தது. என்ன செய்ய விருப்பம் என்ற கட்டத்தில் 'டிரைவர்' என்று எழுதினேன். பேசக் கூப்பிட்டவர் அதைப் படித்துச் சிரித்தார். "எல்லாரும் அதைத்தான் எழுதறாங்க. முதல்ல கண்டக்டரா இருந்து பாரு."

முதல் நாள் பாதுகாப்பு வகுப்பு. தலைக்கு மேலே ஓடும் கம்பியில் 600 வோல்ட் நேர் மின்சாரம். தண்டவாளத்தைக் கடக்கும்போது நிற்காதே, அதன் மேல் கால் வைக்காதே, தாண்டிப் போ. மழையில் நனைந்த இலை தண்டவாளத்தில் கிடந்தால் டிராம் நினைத்த இடத்தில் நிற்காது. டிரைவர் சக்கரத்துக்கு முன்னால் மணலைக் கொட்டித்தான் பிடிமானம் உண்டாக்குவார். இரும்பின் மேல் இரும்பு உருளுவதால்தான் இவ்வளவு பெரிய வண்டி லேசாக ஓடுகிறது, அதனாலேயே நிறுத்துவதும் கஷ்டம். இதை நான் அதுவரை யோசித்ததே இல்லை.

அடுத்தது மணிக் கணக்கு. கண்டக்டரும் டிரைவரும் பேசிக்கொள்வது மணியில்தான். ஒரு மணி என்றால் அடுத்த நிறுத்தத்தில் நிறுத்து. இரண்டு என்றால் கிளம்பு. மூன்று என்றால் வண்டி நிறைந்துவிட்டது, நிறுத்தாதே. நான்கு அடித்தால் ஆபத்து, உடனே நிறுத்து. கூட இருந்தவர்கள் குறிப்பெடுத்தார்கள். நான் எடுக்கவில்லை. சென்னைப் பேருந்தில் ஒரு விசில் கொடுத்தால் நிற்கும், இரண்டு விசில் கொடுத்தால் 'ரைட், போலாம்'. இருபது வருடம் 29சி-யில் தொங்கியவளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பயிற்சி கொடுத்தவரிடம் சொன்னேன். அவர் தாடையைத் தடவிக்கொண்டு, "மெட்ராஸ்ல டிராம் இருந்ததே, ஆரம்பத்துல கம்பியை ரோட்டுக்கு அடியில வெச்சாங்க இல்லையா?" என்றார். நான் அசந்துவிட்டேன். மெட்ராஸில் மின்சார டிராம் 1895லேயே ஓட ஆரம்பித்துவிட்டது. லண்டனில் முறையாக ஓடியது 1901இல்தான். இது எனக்கு அப்பா சொல்லித் தெரியும். ஆனால் தரைக்கு அடியில் கம்பி என்பதை டெர்பிஷையரில் ஒரு வெள்ளைக்காரத் தாத்தா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

இங்கே எல்லோரும் இப்படித்தான். வேறு எதைப் பற்றியும் அதிகம் பேச மாட்டார்கள், டிராமைப் பற்றி ஆரம்பித்தால் தேநீர் ஆறிவிடும். சவுத்தாம்ப்டன் 45 என்ற வண்டியை ஒவ்வொருவரும் எனக்கு ஒரு தடவை காட்டிவிட்டார்கள். மாடியில் கூரை இல்லாத வண்டி அது. அந்த ஊரின் பழைய கோட்டை வாசல் வளைவுக்குள் நுழைந்து போக வேண்டியிருந்ததால்தான் அப்படி. 1948இல் உடைக்கப் போயிருக்க வேண்டிய அந்த வண்டியை டிராம் பைத்தியம் பிடித்த சிலர் 10 பவுண்டு கொடுத்து வாங்கினார்கள். எங்கே நிறுத்துவது என்ற யோசனை அப்புறம்தான் வந்திருக்கிறது. 1955இல் சங்கம் ஆரம்பித்தார்கள், 1959இல் இந்தக் குவாரிக்கு வந்தார்கள், 1963இல் குதிரை இழுக்கும் டிராமும் 1964இல் மின்சார டிராமும் இங்கே ஓட ஆரம்பித்தன. லண்டன் 1952லும் ஷெஃபீல்ட் 1960லும் கிளாஸ்கோ 1962லும் கைகழுவிவிட்ட வண்டிகளெல்லாம் இங்கே வந்து சேர்ந்தன. சென்னையில் 1953இல் நிறுத்தியபோது இப்படி நாலு பைத்தியக்காரர்கள் இருந்திருக்கக் கூடாதா என்று எனக்கு ஒவ்வொரு வாரமும் தோன்றும்.

சரி, டிராமின் கம்பத்தைத் திருப்பும் கழிக்கு வருகிறேன். என்னைப் படுத்திய விஷயம் அதுதான்.

டிராமின் கூரையிலிருந்து ஒரு நீளமான கம்பம் பின்பக்கமாகச் சாய்ந்து மேலே எழும்பி, தன் நுனியைக் கம்பியில் அழுத்திக்கொண்டு வரும். அடியில் பலமான ஸ்பிரிங். வண்டி திசை மாறும்போது இந்தக் கம்பத்தையும் மறுபக்கம் திருப்ப வேண்டும். நீளமான மூங்கில் கழி ஒன்று இருக்கிறது, நுனியில் கொக்கி. அதால் கம்பத்தைப் பிடித்துக் கீழே இழுத்து, கம்பியிலிருந்து விடுவித்து, வண்டியைச் சுற்றி அரைவட்டம் நடந்து, எதிர்ப்பக்கத்தில் மறுபடி கம்பியின் கீழ் பொருத்த வேண்டும். மாங்காய் பறிக்கிற தொரட்டிதானே என்று நினைத்தேன். மாங்காய் திருப்பி இழுக்காது. இந்தக் கம்பம் இழுக்கும்.

பணிமனை முற்றத்தில் முதல் தடவை இழுத்தபோது இரண்டு குதிகாலும் தரையை விட்டு எழும்பிவிட்டன. இரண்டாவது தடவை கம்பத்தின் நுனி கம்பியைத் தவறவிட்டு மேலே துள்ளி ஆடியது. ஏப்ரல் மாதம், முகத்தில் ஆலங்கட்டி மாதிரி மழை. அண்ணாந்து பார்த்தால் கண்ணுக்குள் தண்ணீர் விழுகிறது, பார்க்காவிட்டால் நுனி எங்கே இருக்கிறது என்று தெரியாது. இத்தனைக்கும் என்னைவிட ஒல்லியான ஒரு கல்லூரிப் பெண் அதை விளக்குமாறு பிடிப்பது போலப் பிடித்துத் திருப்பிக்கொண்டிருந்தாள். அவளிடம்தான் ரகசியம் கிடைத்தது. கையால் இழுக்காதே, கழியை உடம்போடு ஒட்டிவைத்து உட்காருவது போல முழங்காலை மடக்கு, உன் எடை இழுக்கட்டும். பொருத்தும்போது நுனியைப் பார்க்காதே, கம்பியைப் பார். மூன்று சனிக்கிழமை ஆயிற்று. வீட்டுக்கு வந்து தோளில் அமிர்தாஞ்சன் தேய்த்துக்கொண்டு படுப்பேன். "டிராம் வாசனையே இதுதானா?" என்பார் கணவர்.

நடத்துநரின் மற்ற வேலைகள் கை பழகினால் வந்துவிடும். கடைசி நிறுத்தத்தில் இருக்கைகளின் முதுகுப் பலகையை ஒவ்வொன்றாக மறுபக்கம் தள்ளி, பயணிகள் முன்னோக்கி உட்காரும்படி மாற்றுவது எனக்கு மிகவும் பிடித்தது. பலகைகள் டக் டக் டக்கென்று சாயும். மாடிக்குப் போகும் வளைந்த படிக்கட்டில் சின்னப் பிள்ளைகளை முன்னால் விட்டு, நாம் பின்னால் ஏற வேண்டும். இறங்கும்போது நாம் முன்னால்.

தேர்வு ஜூன் மாதம். எழுத்துக் கேள்விகளைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஓடும் வண்டியில் வைத்த தேர்வில்தான் மானம் போனது. கிளம்பி, வளைவு தாண்டி, வேக்பிரிட்ஜ் நிறுத்தத்தை நெருங்கும்போது மேலே 'டங்' என்று ஒரு சத்தம். விளக்குகள் அணைந்தன. மோட்டாரின் உறுமல் நின்று, சக்கரம் உருளும் ஓசை மட்டும் கேட்டது. கம்பம் கம்பியை விட்டுக் குதித்துவிட்டது. நான்கு மணி அடிக்க வேண்டும். நான் என்ன செய்தேன் என்றால், வாயைத் திறந்து "ஹோல்டான்!" என்று கத்தினேன். ஹாரிங்டன் ரோட்டில் பல்லவன் பஸ்ஸைத் தட்டி நிறுத்துகிற அதே குரல். டிரைவர் தானாகவே பிரேக் பிடித்து நிறுத்தியிருந்தார். தேர்வாளர் கையிலிருந்த அட்டையில் எதையோ நிதானமாக எழுதினார்.

இறங்கிக் கழியை எடுத்தேன். பயணிகள் அத்தனை பேரும் ஜன்னலில். முழங்காலை மடக்கினேன், கம்பியைப் பார்த்தேன். முதல் முயற்சியிலேயே உட்கார்ந்தது. விளக்குகள் எரிந்ததும் மாடியிலிருந்து யாரோ கை தட்டினார்கள்.

மணி அடிக்காததற்காக அந்தப் பகுதியை மட்டும் இரண்டு வாரம் கழித்து மறுபடி செய்துகாட்டச் சொன்னார்கள். நியாயம்தான். அப்போதுதான் தேறினேன். நீலச் சீருடையின் கை நீளமாக இருந்தது, மடித்துத் தைத்துக்கொண்டேன்.

அன்று இரவு அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சம்பளத்தைப் பற்றி இந்தத் தடவை கேட்கவில்லை. கம்பம் குதித்த கதையைச் சொன்னதும் அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் குலுங்கிச் சிரிக்கும் சத்தம். புரசைவாக்கத்தில் டிராமின் பின்னால் தொங்கிக்கொண்டிருக்கும் கயிற்றை இழுத்துக் கம்பத்தைக் கழற்றிவிட்டு ஓடுவதுதான் அவருக்கும் அவர் சேக்காளிகளுக்கும் பத்து வயதில் சாயந்தர வேலையாம்.

"கண்டக்டர் என்னப்பா சொல்வார்?"

"அதையெல்லாம் பொண்ணுகிட்ட சொல்ல முடியாதும்மா."