பேரியத்தின் 153 விநாடி

அரை ஆயுட்காலம் அளக்கும் சோதனைக்குப் பேரியம்-137எம் (எம் என்றால் உட்கரு கிளர்ந்த நிலையில் இருக்கிறது என்று பொருள்) தோதான சரக்கு. 153 விநாடிக்கு ஒருமுறை பாதியாகிவிடும். ஒரு பீரியடுக்குள் வேலை முடியும். இதன் தாய், அதாவது சிதைந்து இதைத் தருவது, சீசியம்-137. அதற்கு அரை ஆயுள் 30 ஆண்டு, உட்கார்ந்து அளக்கிற காரியமில்லை.

சீசியம் அடைத்த சிறு குப்பிக்குள், லேசாக அமிலம் சேர்த்த உப்பு நீரைச் சிரிஞ்சால் மெல்லத் தள்ள வேண்டும். பேரியம் கரைந்து சொட்டும். சீசியம் உள்ளேயே தங்கிவிடும். மாடு கறப்பது மாதிரிதான். கறந்த கையோடு மறுபடி கறந்தால் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. மடி நிறைய 13 நிமிடம், அதாவது 5 அரை ஆயுள் விட்டால் போதும்.

கறப்பதற்கு முன்பே பின்னணிக் கதிர்வீச்சை, அதாவது சுற்றுப்புறத்தில் எப்போதும் இருப்பதை, எடுத்துவிடுங்கள். ஒரு நிமிடம் போதாது, 10 நிமிடம் எண்ண வேண்டும். கதிர்வீச்சை எண்ணும் கைகர் கவுன்டர் 240 காட்டினால், 30 விநாடிக்கு 12. இந்த 12-ஐக் கழிக்க மறப்பதில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள்.

தொடக்கத்தில் பேரியம் 30 விநாடிக்கு 800 தரும்போது 12 ஒரு பொருட்டே அல்ல. கடைசியில் பாருங்கள்: பேரியம் 50, கவுன்டரில் 62. இன்னும் 153 விநாடி போனால் பேரியம் 25, கவுன்டரில் 37. 62, 37 இரண்டையும் அப்படியே சூத்திரத்தில் போட்டால் அரை ஆயுட்காலம் 205 விநாடி என்று வரும். மடக்கை வரைபடத்தில் நேர்க்கோட்டின் வால் மேலே வளைந்திருந்தால் முதல் சந்தேகம் இதுதான்.

கழித்தாலும் வாலை ரொம்ப நம்பக் கூடாது. எண்ணிக்கையின் வர்க்கமூலம் அளவுக்கு ஆட்டம் இருக்கும்: 37-க்கு 6, 812-க்கு 28 தான். கோடு போடும்போது தொடக்கப் புள்ளிகளுக்கே மதிப்பு.

தேர்வில் சறுக்கும் இடம் வேறு. சீசியம் பீட்டாவை உமிழ்ந்து பேரியம் ஆகும்போது அணு எண் 55 இலிருந்து 56 ஆகிறது. பேரியம் காமாவை உமிழும்போது எதுவும் மாறாது. நிறை எண் 137, அணு எண் 56 அப்படியே. கிளர்ந்த உட்கரு அமைதியாகிறது, அவ்வளவுதான்.

சோதனை முடிந்த திரவத்தை உடனே கொட்டக் கூடாது. 10 அரை ஆயுள், அதாவது சுமார் 26 நிமிடம் கழித்து 1024-இல் ஒரு பங்குதான் மிஞ்சும். அப்போது கவுன்டரைக் காட்டினால் பின்னணியை ஒட்டி வர வேண்டும். ஒரு மணி நேரம் ஆகியும் இறங்கவில்லையா? சிரிஞ்சை வேகமாகத் தள்ளியதில் சீசியம் கசிந்திருக்கலாம். அதைத் தொட்டியில் ஊற்றாமல் மூடி, எழுதி ஒட்டி, ஆய்வகப் பொறுப்பாளரிடம் கொடுத்துவிடுங்கள்.